ஓல்டு மேன் எமு உயர்த்து தொகுதி: டகோமாவில் வீட்டிலேயே பொருத்தி ஓராண்டு ஓட்டிய பின்

டொயோட்டா டகோமா என்ற பிக்கப் வண்டியின் உடலைச் சக்கரங்களுக்கு மேலே உயர்த்துவதற்கென்று அமெரிக்காவில் விற்கப்படும் பொருள்கள் இருநூறு டாலரில் தொடங்கி மூவாயிரம் டாலரையும் தாண்டிச் செல்கின்றன. அவற்றின் விளம்பரங்கள் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று பெரும்பாலும் உயரத்தையே அளந்து விற்கின்றன. நானும் முதலில் அங்குலத்தைத்தான் வாங்கினேன். ஒன்றரை ஆண்டு கழித்து அதைக் கழற்றிவிட்டு, ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் விற்கும் ஓல்டு மேன் எமு என்ற சஸ்பென்ஷன் தொகுதியை வாங்கி, நண்பர் ஒருவரின் துணையோடு என் வீட்டுக் கராஜிலேயே பொருத்தினேன். 2024 நவம்பரில் நடந்த அந்த வேலைக்குப் பிறகு ஓராண்டும் ஏறத்தாழப் பதினோராயிரம் மைலும் கடந்துவிட்டன. வாங்கிய மறுநாளே எழுதப்படும் மதிப்புரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லாததால்தான் இதுவரை காத்திருந்தேன்.

வண்டி 2018ஆம் ஆண்டு மாடல். டிஆர்டி ஆஃப்ரோடு வகை. நான்கு கதவுகள், நான்கு சக்கர இயக்கம், 3.5 லிட்டர் வி6 எஞ்சின். டெக்சஸில், ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் வசிக்கிறேன். வாரநாள்களில் இந்த வண்டி அலுவலகத்துக்கும் மளிகைக் கடைக்கும் போய்வருவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போவதுதான் அதன் உண்மையான உழைப்பு. அங்கே ஓல்டு ஓர் ரோடு என்றொரு பாதை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்ஸிகோச் சுரங்கங்களின் தாதுவை மாரத்தான் ஊரின் ரயில் நிலையத்துக்குக் கொண்டுசேர்க்கப் பயன்பட்ட தடம் அது. சுமார் 26 மைல் நீளமுள்ள அந்தப் பாதையில் பாறைப்படிகளும் வறண்ட ஓடைக் குறுக்கீடுகளும் மாறிமாறி வரும். தரை இடைவெளி குறைவான வண்டிகள் அங்கே போகக் கூடாதென்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. கூடாரம், தண்ணீர், சமையல் சாமான், இரண்டு குழந்தைகள் என்று ஏற்றிக்கொண்டு முதல்முறை போனபோது பின்பகுதி தாழ்ந்து, வண்டியின் பின்கொக்கி ஒவ்வொரு ஓடையிலும் உழவு போட்டது. உயர்த்த வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. அன்று எனக்குப் புரியாத ஒன்று, அப்போது குறைந்திருந்தது உயரமன்று, சுமை தாங்கும் வில்லின் வலிமை என்பது.

முதலில் வாங்கிய தொகுதியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதே வகையைப் பல பெயர்களில் பலர் விற்கிறார்கள். முன்பக்கத்தில் ஷாக் அப்சார்பரும் சுருள்வில்லும் ஒன்றாகக் கட்டப்பட்ட அமைப்பின் தலையில் வைக்கும் ஒன்றேகால் அங்குல அலுமினியத் தகடுகள் இரண்டு. பின்பக்கத்தில் அச்சுக்கும் பட்டைவில்லுக்கும் (லீஃப் ஸ்பிரிங்) இடையே வைக்கும் ஓர் அங்குல இரும்புக் கட்டைகள் இரண்டு. இவ்வளவுதான் பெட்டிக்குள் இருந்தது. ஒன்றேகால் அங்குலத் தகடு எப்படி இரண்டரை அங்குலம் உயர்த்தும் என்று கேட்கலாம். டகோமாவின் முன்சக்கரம் மேற்கை, கீழ்க்கை என்ற இரட்டைக் கைகளில் தொங்குகிறது; ஷாக்கின் அடிமுனை கீழ்க்கையின் ஏறத்தாழ நடுவில் பொருந்துகிறது. கையின் நடுவே ஓர் அங்குலம் தள்ளினால் கையின் நுனியிலுள்ள சக்கரம் இரண்டங்குலம் நகரும். வெறும் நெம்புகோல் கணக்கு. விற்பவர்களின் இலாபமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தத் தகடு வில்லின் வலிமையைச் சிறிதும் மாற்றுவதில்லை. அதே வில் அதே எடையை அதே அளவு அமுங்கித் தாங்குகிறது. வண்டி மட்டும் ஒரு முக்காலியின்மேல் ஏறி நிற்கிறது. அதோடு, சக்கரம் தொங்கும்போது தொழிற்சாலை வகுத்த எல்லையைத் தாண்டிக் கீழே போவதால் மேற்கையைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டும், சக்கரம் ஏறி இறங்கினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டான முன்னச்சின் சிவி ஜாயின்ட்டும் விரும்பாத கோணத்துக்கு வளைகின்றன. சக்கரம் மேலே ஏறும்போதோ, ரப்பர் தடுப்பான் தன் வேலையைச் செய்வதற்கு முன்பே ஷாக்கின் தண்டு அடியில் முட்டிவிடக்கூடும். என் வண்டியில் வேகத்தடையைக் கடந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் முன்பக்கத்தில் ‘டொக்’ என்றொரு சத்தம் எழுந்தது. சுமை ஏற்றினால் பின்பக்கம் முன்போலவே தாழ்ந்தது. முன்பக்கம் உயர்ந்திருந்ததால் மூக்கு வானத்தைப் பார்த்தது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் விளக்கை மினுக்கி என்னைத் திட்டினார்கள். பின்னச்சின்மேல் வைத்த கட்டையைப் பற்றியும் ஒரு சொல்: அச்சு முறுக்கும்போது பட்டைவில்லின்மீது விழும் நெம்புவிசையை அது கூட்டுகிறது. மணலில் அழுத்தி எடுத்தபோது அச்சு உதறியதை இருக்கையிலேயே உணர முடிந்தது.

ஓல்டு மேன் எமுவை நான் தேர்ந்ததற்கு முதற்காரணம், அவர்கள் விற்கும் முறை. உயரம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு முன்னால், முன்பக்கத்தில் இரும்பு பம்பரோ, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சோ இருக்கிறதா, பின்பக்கத்தில் நிரந்தரமாக எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்கிறார்கள். ஒரே வண்டிக்கு வெவ்வேறு வலிமையுள்ள சுருள்விற்களும் பட்டைவிற்களும் வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்பக்கத்தில் கூடுதல் எடை எதுவும் இல்லாததால் அங்கே இலேசான வில். பின்பக்கத்தில் எப்போதும் மூடியும் இழுப்பறைப் பெட்டியும் இருப்பதால், டக்கார் வரிசையில் நடுத்தரச் சுமைக்கான பட்டைவில். கூடவே நான்கு நைட்ரோசார்ஜர் ஸ்போர்ட் ஷாக்குகள். இவை இரட்டைக்குழாய் அமைப்பில் நைட்ரஜன் வாயு அடைத்தவை. ஒற்றைக்குழாய் ஷாக்குகள் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் என்பது உண்மைதான். ஆனால் நான் பாலைவனத்தில் பந்தயம் ஓட்டப்போவதில்லை. கல்லடி பட்டு வெளிக்குழாய் சற்றே நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் தடையின்றி ஓடும் என்ற இரட்டைக்குழாயின் குணம்தான் எனக்கு உதவும்.

பட்டியலைக் கூர்ந்து பார்த்து வாங்குங்கள். பட்டைவில்லை அச்சோடு கட்டும் யூ வடிவப் போல்ட்டுகள், அதன் முனைகளிலுள்ள ரப்பர் உறைகளான புஷ்கள், ஷாக்கின் மேல்தட்டு ஆகியவை தனித்தனி எண்களில் வருகின்றன. ஒன்றை விட்டுவிட்டால் சனிக்கிழமை மதியம் வண்டி அந்தரத்தில் நிற்கும்போதுதான் தெரியவரும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருமுறை இறுக்கி இழுபட்ட போல்ட்டு மறுபடி அதே பிடிமானத்தைத் தருவதில்லை. பின்னச்சு முழுவதையும் பிடித்திருப்பவை அந்த நான்கும்தான்.

நான் செய்த மிகச் சரியான செலவு, சுருள்வில்லையும் ஷாக்கையும் விற்பவரிடமே ஒன்றாகக் கட்டித் தரச் சொல்லி வாங்கியது. சுருள்வில்லை அமுக்கிக் கட்டும் கருவியை இங்குள்ள உதிரிபாகக் கடைகள் முன்பணம் பெற்றுக்கொண்டு இரவலாகத் தருகின்றன. அதை வைத்துக் கராஜில் தாங்களே கட்டியவர்கள் பலருண்டு. வண்டியின் முன்னெடையைத் தாங்கும் வில் அமுங்கிய நிலையில் நழுவினால் என்னவாகும் என்பதை எண்ணிப்பார்த்தேன். எண்பது டாலர் மிச்சப்படுத்த என் முகத்தை அதன் எதிரே வைக்க மனம் ஒப்பவில்லை.

வேலைக்குத் தேவையான கருவிகள் அதிகமில்லை. மூன்று டன் தாழ்ஜாக்கி ஒன்று, ஜாக்கி ஸ்டாண்டுகள் நான்கு, 12 முதல் 22 மில்லிமீட்டர் வரையிலான சாக்கெட்டுகளும் ஸ்பேனர்களும், நீளமான நெம்புகம்பி, சம்மட்டி, முறுக்குவிசை அளக்கும் டார்க் ரெஞ்ச். கடைசியில் சொன்னது இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய முறுக்குவிசையை அறிய டொயோட்டாவின் அதிகாரப்பூர்வப் பணிக்கையேட்டுத் தளத்தில் இரண்டு நாள் சந்தா கிடைக்கிறது. வேண்டிய பக்கங்களை அதற்குள் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். எந்த எண்ணையும் காணொளியில் கேட்டு நம்பாதீர்கள். ஒரே போல்ட்டுக்கு மூன்று பேர் மூன்று எண் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன்பு நான்கு மூலைகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயரின் காற்றழுத்தம் கணக்கைக் கெடுத்துவிடும். சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை அளப்பதே சரி. என் வண்டியின் ஓட்டுநர் பக்கம் மறுபக்கத்தைவிட முக்கால் விரற்கடை தாழ்ந்திருந்தது. இது டகோமாவில் எல்லாரும் அறிந்த சாய்வு; எரிபொருள் தொட்டியும் ஓட்டுநரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்து வில்லின்மேல் மட்டும் மெல்லிய வளையத்தகடு ஒன்றை வைத்துக் கட்டித் தரச் சொல்லியிருந்தேன்.

எனக்குத் துணைவந்தவர் நாமக்கல்லைச் சேர்ந்தவர். இப்போது மென்பொருள் எழுதினாலும், சிறுவயதில் தந்தையின் லாரிப் பட்டறையில் வளர்ந்தவர். பட்டைவில்லை அவர் கமான் பட்டை என்றே சொல்வார். நானும் இனி அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லில்தான் அந்தப் பொருளின் வளைவும் விறைப்பும் தெரிகின்றன. வண்டியைத் தூக்கிப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சட்டத்தின் அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்தியதும், அவர் வண்டியைத் தோளால் இரண்டுமுறை பலமாக முட்டிப்பார்த்தார். “இப்ப விழலைன்னா அப்புறமும் விழாது, அண்ணா” என்றார். அதன்பிறகுதான் என்னை அடியில் படுக்கவிட்டார்.

முன்பக்கத்தில் முதலில் குறுக்குச் சாய்வுத்தடுப்புக் கம்பியின் இணைப்புகளை இரு பக்கமும் கழற்றிவிட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினால் மறுபக்கம் முறுக்கிக்கொண்டு கீழ்க்கையை இறங்கவிடாது. பிறகு ஏபிஎஸ் கம்பியையும் பிரேக் குழாயையும் பிடித்திருக்கும் சிறு கொக்கிகள், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் நுனி, ஷாக்கின் அடிப் போல்ட்டு என்று வரிசையாகக் கழற்றலாம். டை ராடைப் பிரிக்கப் பலர் அதன் மரையிலேயே அடித்துக் கெடுத்துவிடுகிறார்கள். நட்டை நுனிவரை தளர்த்தி வைத்துக்கொண்டு, அது நுழைந்திருக்கும் வார்ப்பிரும்புக் காதின் பக்கவாட்டில் சம்மட்டியால் இரண்டு அடி கொடுத்தால் தானே விடுபடும். அடுத்து, கீழ் பால் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள். இவற்றை எடுத்ததும் சக்கர மையம் முழுவதும் வெளிப்புறம் சாயப்பார்க்கும். அதைக் கயிற்றால் மேற்கையோடு கட்டிவிடாவிட்டால் சிவி அச்சு அதன் கிண்ணத்திலிருந்து இழுபட்டுவிடும். நாங்கள் இடப்பக்கம் கட்டினோம், வலப்பக்கம் மறந்தோம். நல்லவேளையாக ரப்பர் உறை கிழியும் முன்பு நண்பரின் கை பிடித்துக்கொண்டது.

ஷாக்கின் தலையில் மூன்று நட்டுகள் ஓரத்தில் இருக்கும். நடுவில் ஒன்று பெரிதாக இருக்கும். கழற்ற வேண்டியவை ஓரத்து மூன்று மட்டுமே. நடு நட்டுதான் அமுங்கிய வில்லைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறது. அதைத் தளர்த்தினால் மேல்தட்டு உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும். நாமக்கல் நண்பர் அந்த நட்டின்மீது சிவப்பு நாடா ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். பழைய அமைப்பை எடுத்ததும் அந்த அலுமினியத் தகடும் கூடவே இறங்கியது. அதன் விளிம்பில் ஒன்றரை ஆண்டின் ‘டொக்’ அத்தனையும் பளபளப்பான தேய்வாகப் பதிந்திருந்தது.

புதியதை ஏற்றுவதில்தான் உடம்பு வேலை. வில் நீளமாகவும் விறைப்பாகவும் இருப்பதால் கீழ்க்கையை நெம்புகம்பியால் அழுத்திப் பிடித்தால்தான் அடிமுனை தன் கொண்டிக்குள் நுழையும். ஒருவர் கம்பியில் தொங்க, இன்னொருவர் போல்ட்டைச் செருக வேண்டும். தனியாளாக இதைச் செய்ய முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை. முதல் பக்கத்துக்கு மூன்றரை மணி நேரம், இரண்டாம் பக்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இடையில் என் மனைவி கொண்டுவந்த தயிர்ச்சாதத்தை கிரீஸ் கையோடு சாப்பிட்டோம் என்பதைத் தவிர முன்பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

பின்பக்கத்தை மறுநாள் எடுத்துக்கொண்டோம். யூ போல்ட்டுகளின் மரையில் முதல்நாள் இரவே துருநீக்கும் எண்ணெயை அடித்து வைத்திருந்ததால் அவை முரண்டுபிடிக்கவில்லை. டெக்சஸில் பனிக்காகச் சாலைக்கு உப்புப் போடும் வழக்கம் குறைவு, அதனால் துருவும் குறைவு. மிச்சிகனிலோ ஒன்டாரியோவிலோ இருப்பவர்கள் இதற்கு ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்வது நல்லது. சட்டத்துக்கடியில் ஸ்டாண்டு, அச்சுக்கடியில் ஜாக்கி. அச்சை இறக்கும்போது பிரேக் குழாயும், அச்சின் மூச்சுக்குழாயும், கைப்பிரேக் கம்பியும் இழுபடுகின்றனவா என்று ஒவ்வொரு அங்குலத்துக்கும் பார்க்க வேண்டும். எங்களை நிறுத்தியது ஓட்டுநர் பக்கத்துக் கமானின் முன்முனைப் போல்ட்டு. அதன் தலை உட்புறம் இருக்கிறது. அதை உள்நோக்கி உருவினால் எரிபொருள் தொட்டி இடிக்கிறது. தொட்டியைத் தாங்கும் பட்டிகளைத் தளர்த்தி, ஜாக்கியும் பலகையும் கொண்டு தொட்டியைச் சற்றே இறக்கிப் போல்ட்டை உருவினோம். முன்பே தெரிந்திருந்ததால் வண்டியில் கால் தொட்டிக்கும் குறைவான பெட்ரோலே வைத்திருந்தேன். நிரம்பிய தொட்டியோடு இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

டக்கார் கமானைக் கையில் தூக்கியபோதே வேறுபாடு தெரிந்தது. தொழிற்சாலைக் கமானைவிடப் பட்டைகள் அதிகம், எடையும் அதிகம். நண்பர் ஒவ்வொரு பட்டையின் நுனியையும் தடவிப்பார்த்துவிட்டு, “நம்ம ஊர்ல இதுக்கு நல்ல வெலை சொல்வாங்க” என்றார். அவரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை. கமானின் நடு ஆணி அச்சின் குழியில் சரியாக அமர்ந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகே யூ போல்ட்டுகளைக் குறுக்குவாக்கில் சிறிதுசிறிதாக இறுக்கினோம்.

வீட்டில் வேலை செய்பவர்கள் மிகுதியாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. கமானின் இருமுனைப் போல்ட்டுகளையும், ரப்பர் புஷ் உள்ள வேறெந்தப் போல்ட்டையும், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்ளத்தான் செய்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் புஷ் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே நிற்கும். உயரமும் பொய்யாகக் கூடித் தெரியும். சில மாதங்களில் ரப்பரும் கிழியும். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சிலமுறை உருட்டி, தெருவை ஒருமுறை சுற்றிவந்த பிறகு, சக்கரங்களின்மேல் எடை இருக்கும்போதே அவற்றை இறுக்கினோம். சக்கர நட்டுகளுக்கு உரிய அளவு 113 நியூட்டன் மீட்டர், அதாவது 83 அடி பவுண்டு. அதை மறுநாள் காலையிலும் ஒருமுறை சரிபார்த்தேன்.

அளந்து பார்த்தபோது முன்பக்கம் தொழிற்சாலை நிலையைவிட இரண்டேகால் அங்குலமும், பின்பக்கம் ஒன்றேமுக்கால் அங்குலமும் உயர்ந்திருந்தன. சாய்வு மறைந்திருந்தது. இரண்டு மாதத்தில் பின்பக்கம் கால் அங்குலம் படிந்து இறங்கியது, அதன்பிறகு அசையவில்லை.

வீட்டில் செய்ய முடியாத ஒரே வேலை வீல் அலைன்மென்ட். அங்கேதான் எனக்குக் கசப்பு. முன்பக்கத்தை உயர்த்தும்போது, சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கேஸ்டர் கோணம் குறைகிறது. அது குறைந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நேராக நிற்க விரும்பாமல் அலையும். கீழ்க்கையின் உள்முனையிலுள்ள மையம் விலகிய வட்டப் போல்ட்டுகளைத் திருப்பி அதில் ஒரு பகுதியை மீட்கலாம். நான் முதலில் போன கடையில், உயர்த்திய வண்டி என்று தெரிந்ததும் அந்தப் போல்ட்டுகளைத் தொடாமல், சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் டோ கோணத்தை மட்டும் சரிசெய்து, எல்லாம் பச்சைக்குள் இருக்கிறது என்று சொல்லி முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். தாளைப் பார்த்தால் கேஸ்டர் ஒரு பக்கம் ஒரு பாகைக்கும் கீழே சிவப்பாக இருந்தது. லாரிகளுக்கு அலைன்மென்ட் செய்யும் வேறொரு சிறிய பட்டறையில் ஒன்றரை மணி நேரம் செலவிட்டு, இரு பக்கமும் இரண்டு பாகைக்கு மேல் கொண்டுவந்தார்கள். இந்த உயரத்துக்கு அது போதுமானதாக இருக்கிறது. இதற்குமேல் உயர்த்துபவர்கள் மாற்று மேற்கைகளுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்க வேண்டும். கடைக்குள் நுழையும்போதே, டோ மட்டும் போதாது, கேஸ்டரைச் சரிசெய்வீர்களா, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

இனி ஓட்டம். நகரத்துக்குள், வண்டியில் யாரும் எதுவும் இல்லாதபோது பின்பக்கம் தொழிற்சாலைக் கமானைவிட விறைப்பாக இருக்கிறது. ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது அது தெரிகிறது. சுமைக்கென்று நானே கேட்டு வாங்கிய குணம் என்பதால் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. வெறும் வண்டியாகவே ஓட்டுபவர்கள் இதற்கும் இலேசான கமானை வாங்கலாம். முன்பக்கம்தான் எதிர்பாராத மகிழ்ச்சி. பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தும் டகோமாவின் பழக்கம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. வேகத்தடையை ஏறி இறங்கினால் ஒரே அசைவில் அடங்குகிறது, இரண்டாம் துள்ளல் இல்லை. மேற்கு டெக்சஸில் இன்டர்ஸ்டேட் 10 சாலையில் மணிக்கு 80 மைல் வேகம் அனுமதிக்கப்படுகிறது. அந்த வேகத்தில் பக்கக்காற்று அடித்தபோதும் முழுச் சுமையோடு வண்டி தடம் மாறாமல் போனது. கேஸ்டரை மீட்டெடுத்தவர்களுக்கும் இதில் பங்குண்டு.

ஓல்டு ஓர் ரோட்டில் இரண்டு முறை ஓட்டியாயிற்று. டயர் அதே 265/70 ஆர் 16 அளவுதான். பெரிய டயர் போடவில்லை. ஆகவே பின்னச்சின் நடுக்குண்டுக்கும் (டிஃபரன்ஷியல்) தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. உயர்த்து தொகுதி வாங்குபவர்களில் பாதிப்பேர் மறந்துபோகும் உண்மை இது: சஸ்பென்ஷனை உயர்த்தினால் சட்டமும் உடலும் உயரும், அச்சு உயராது, அச்சு உயர வேண்டுமானால் டயர்தான் வளர வேண்டும். ஆனாலும் பாறைப்படியிலிருந்து இறங்கும் கோணமும், ஓடையில் பின்கொக்கி மண்ணைத் தொடாததும், சுமையோடு வண்டி மட்டமாக நிற்பதும் அந்தப் பாதையை வேறொரு பாதையாக்கிவிட்டன. முன்பு ஒவ்வொரு ஓடையிலும் இறங்கி நின்று வழிகாட்டிய என் மனைவி இம்முறை தூங்கிக்கொண்டிருந்தார்.

பக்கவிளைவுகளும் உண்டு. புறப்படும்போது, மணிக்கு பத்திலிருந்து இருபது மைல் வேகத்துக்குள் அடியிலிருந்து ஒரு நடுக்கம் வந்தது. இந்த வண்டியின் இயக்கத்தண்டு இரண்டு துண்டாக, நடுவில் ஒரு பேரிங்கில் தொங்குகிறது. பின்னச்சின் கோணம் மாறியதும் அந்த நடு இணைப்பு முனகத் தொடங்கியது. பேரிங்கின் தாங்கியைச் சட்டத்திலிருந்து சற்றே இறக்கும் சிறு தகடுகளை இரண்டு போல்ட்டுகளில் செருகியதும் நடுக்கம் நின்றது. முன்விளக்குகளைச் சுவரின் முன் நிறுத்தித் தாழ்த்தினேன். அது பத்து நிமிட வேலை, ஆனால் செய்யாமல் விடுவது எதிரே வருபவர்களுக்கு இழைக்கும் அநீதி. 2018 முதல் டகோமாவின் முன்சின்னத்துக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது. தகடு வைத்திருந்த காலத்தில் மூக்கு நிமிர்ந்திருந்ததால், முன்னால் போகும் வண்டியைத் தொடரும் குரூஸ் கன்ட்ரோல் சில நேரம் குழம்பியது. இப்போது முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒன்றாக உயர்ந்திருப்பதால் அந்தக் குழப்பம் எழவில்லை. எரிபொருள் கணக்கில் கேலனுக்கு ஏறக்குறைய ஒரு மைல் குறைந்திருக்கிறது. வளைவுகளில் வண்டியின் எடைமையம் உயர்ந்திருப்பதை நினைவில் வைத்தே ஓட்டுகிறேன். ஷாக் நன்றாக இருப்பதால் வண்டி சாயவில்லை என்று ஏமாந்துவிடக் கூடாது.

2025 ஜனவரி 1 முதல் டெக்சஸில் தனியார் வண்டிகளுக்கான ஆண்டுப் பாதுகாப்புச் சோதனை நீக்கப்பட்டுவிட்டது; எங்கள் மாவட்டத்தில் புகைச் சோதனை மட்டுமே எஞ்சியிருக்கிறது. வீட்டில் நான் இறுக்கிய போல்ட்டை இனி வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்று இதற்குப் பொருள். ஆகவே ஐநூறாவது மைலில் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி சோதித்தேன். யூ போல்ட்டுகள் நான்குமே கால் சுற்று வாங்கின, மற்றவை அசையவில்லை. வாரண்டியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1975ஆம் ஆண்டின் மாக்னூசன்–மாஸ் சட்டப்படி, வெளிப்பொருள் பொருத்தியதாலேயே முழு வாரண்டியும் போய்விடாது, அந்தப் பொருளால்தான் பழுது நேர்ந்தது என்றால் மட்டுமே மறுக்கலாம். என் வண்டி அந்தக் காலத்தை எப்போதோ கடந்துவிட்டதால் இந்தச் சட்டத்தின் நிழல் எனக்குத் தேவைப்படவில்லை.

கட்டித் தந்த கூலி, யூ போல்ட்டு, புஷ் எல்லாம் சேர்த்துத் தொகுதிக்கு ஆயிரத்து நானூறு டாலர். இரண்டு அலைன்மென்ட்டுக்கும் சேர்த்து இருநூற்று எழுபது. பொருத்துவதற்கு மட்டும் ஒரு கடையில் தொள்ளாயிரம் கேட்டிருந்தார்கள். அதை இரண்டு நாள் உழைப்பாலும், நண்பருக்கு வாக்களித்த மூன்று பிரியாணிகளாலும் ஈடுகட்டினேன். முதலில் வாங்கிய தகடுகளுக்குப் போன இருநூற்று இருபதையும், அவற்றுக்காகச் செய்த அலைன்மென்ட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் மனம் நோகும். மாதம் இருமுறை மண்பாதைக்குப் போகிறவர்களும், பின்பக்கத்தில் நிரந்தரச் சுமை வைத்திருப்பவர்களும் இந்தத் தொகுதியைத் தயங்காமல் வாங்கலாம். வண்டி நிற்கும்போது அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் உயர்த்த விரும்புபவர்களுக்கு இது வீண்செலவு.

கழற்றிய அலுமினியத் தகடுகளை யாராவது கேட்டால் கொடுப்பதாக இல்லை. குளிர்காலத்தில் கராஜுக்குள் கொண்டுவந்து வைக்கும் கறிவேப்பிலைத் தொட்டியின் அடியில் அவை இரண்டும் இருக்கின்றன. அங்கே நெம்புகோல் எதுவும் இல்லாததால், ஒன்றேகால் அங்குலத் தகடு தொட்டியைச் சரியாக ஒன்றேகால் அங்குலம் மட்டுமே உயர்த்தியிருக்கிறது.